எண்ணூறு சதவீதம்

"ப்ளோ அப் பண்ணணும்" என்றாள்,
நனைந்த பாலிதீன் பையிலிருந்து
ஒரு போட்டோவை உருவியபடி.
தாராவி தொண்ணூறடிச் சாலையில்
காலையிலிருந்து மழை.

என் கடையில் தினமும் கேட்கிற வார்த்தைதான்.
கட்சிக்காரர் சொல்வார், பள்ளிக்கூடம் சொல்லும்,
காதுகுத்துக்கு பேனர் கேட்பவர்
பத்துக்கு எட்டு என்று சேர்த்துச் சொல்வார்.

போட்டோவில் ஒரு வாசல்.
ஆறு வயசுப் பெண், கன்னம் புடைக்க
சிவப்பு பலூன் ஊதுகிறாள்.
குவைத்திலிருந்து வந்த மாமாவின் கேமரா
ஓரத்தில் ஆரஞ்சு நிறத்தில் அடித்த வருஷம்
தொண்ணூற்றெட்டு.
கதவுக்குப் பக்கத்தில் தாரில் எழுதிய வீட்டு எண்.

"அந்த நம்பர் தெரியணும்" என்றாள் சேர்மக்கனி.
"ரெண்டாயிரத்துக்கு முன்னாடியே
இங்கதான் இருந்தோம்னு காட்டணும்.
மத்த காகிதமெல்லாம் அஞ்சாம் வருஷ வெள்ளத்துல போச்சு."

ஸ்கேனர் வெளிச்சம் ஊர்ந்து முடிக்கும்வரை
எனக்கு வேலையில்லை. வார்த்தையைப் பார்ப்பேன்.
கடைக்கு அகராதி வாங்கினதே
ஒரு பேனரின் எழுத்துப்பிழைக்கு
அறை வாங்கின பிறகுதான்.

வெள்ளைக்காரனுக்கும் முதலில் அது வெறும் ஊதல்.
காற்று ஊதியது, கொம்பை ஊதினான்,
பையில் மூச்சை நிரப்பி
'மேலே' என்று ஒரு வால் சேர்த்தான்.
வெடிமருந்து வந்ததும்
அதே சொல்லில் கோட்டைச் சுவர் பறந்தது.
அப்புறம் கோபக்காரன் வெடித்தான்.
போட்டோ பெரிசானது ரொம்பப் பிந்தி,
போன நூற்றாண்டில், ஏதோ இருட்டறையில்.

நமக்கு இதை யாரும் கற்றுத்தர வேண்டாம்.
ஊதிப் பெருசாக்காதே என்று
எத்தனை சண்டைக்கு நடுவே சொல்லியிருப்போம்.
சர்வே ஆபீசரும் அதைத்தான் சொன்னாராம், இந்தியில்.
வீட்டை இங்கே யாரும் வெடிவைத்துத் தகர்ப்பதில்லை.
ஜேசிபி போதும்.

இருநூறு. கதவின் துரு வந்தது.
நானூறு. தாரில் ஒரு நான்கு, ஒரு ஒன்று.
கடைசி இலக்கத்தின் மேல்
பலூன்.

அறுநூறு.
சிவப்பு விளிம்புக்கு வெளியே
கறுப்பாக ஒரு வளைவு மட்டும்.
மூன்றாக இருக்கலாம். எட்டாக இருக்கலாம்.
ஒன்பதின் முதுகாகவும் இருக்கலாம்.
எண்ணூறில் எண்ணே இல்லை;
ஒரு கறுப்புச் சதுரம்,
பக்கத்தில் அதைவிடக் கொஞ்சம் வெளுத்த சதுரம்.

பெருசாக்கினால் இல்லாதது வராது,
இருப்பதும் உதிரும்.
பதினோரு வருஷமாக
இதைச் சொல்லித் திட்டு வாங்குகிறேன்.

அவள் திட்டவில்லை.
திரைக்கு மிக அருகே குனிந்து சிரித்தாள்.
"அண்ணன் சொன்னான், போதும்டி, உடையப்போகுதுன்னு.
ரெண்டு மூச்சு கம்மியா ஊதியிருந்தா
நம்பர் தெரிஞ்சிருக்கும்."

அகராதியில் அதே எழுத்துகளோடு
இன்னொரு சொல்லும் கிடக்கிறது.
உறவா இல்லையா என்று உறுதியாகத் தெரியாது,
ஒரே பெயரில் இரண்டு வீட்டுப் பிள்ளைகள் மாதிரி.
அதற்கு அர்த்தம் பூப்பது.
பேச்சில் இப்போது இல்லை;
முழுக்க விரிந்த ரோஜாவைச் சொல்கையில் மட்டும்
வந்துவிட்டுப் போகும்.

அவளிடம் சொல்லத் தோன்றியது. சொல்லவில்லை.
பூத்ததற்கெல்லாம்
யாரும் வீடு ஒதுக்குவதில்லை.

நூற்றைம்பதில் நிறுத்தி
ஏ-மூன்று தாளில் அச்செடுத்தேன்.
வருஷம், கதவு, இரண்டு இலக்கம்,
மூன்றாவதை மறைத்துக்கொண்டு
இருபத்தேழு வருஷமாக உடையாத ஒரு மூச்சு.

அறுபது ரூபாய். ஐம்பது தந்தாள்.
சுருட்டிப் பைக்குள் வைத்து
மழை இறங்காதபடி
வாயை முறுக்கிக் கட்டினாள்.
உள்ளே கொஞ்சம் காற்று
மாட்டிக்கொண்டது.